பாட்டு சரி, மணி தப்பு: கொழிஞ்சாம்பாறை மைக் செட் ஒன்றில் விபிஆர் கிளப்பிய குழப்பம்

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஆனால் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் காதில் விழுவது கொங்குத் தமிழ்தான். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் மைக் செட் தொழில் செய்பவருக்கு இரண்டு பக்கத்துப் பாட்டும் கைவசம் இருக்க வேண்டும். ஒரு வாரம் பகவதி கோயில் திருவிழா. பஞ்சவாத்தியமும் செண்டை மேளமும் கேட்பார்கள். அடுத்த வாரம் மாரியம்மன் நோம்பி. அங்கே உடுக்கை அடித்துப் பாடும் அண்ணமார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையைப் போட்டால்தான் பெரியவர்கள் பாயைக் கொண்டுவந்து உட்காருவார்கள்.

இந்தத் தொழிலில் தலை நரைத்த ஒரு அண்ணனிடம் டிரங்குப் பெட்டி நிறைய கேசட் இருக்கிறது. கடையில் வாங்கியவை இல்லை. சுத்துப்பட்டு ஊர்க் கோயில்களில் விடிய விடியக் கதை நடக்கும்போது மிக்ஸரிலிருந்து நேராக டெக்கில் பிடித்தவை. பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் அதில் பாதியை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கி வைத்திருந்தார். பென் டிரைவ் சொருகும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வந்தபின் டெக் மூலையில் போய்விட்டது. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். நோம்பி நாட்களில் சாயங்காலம் கதையின் ஒரு பகுதியைப் போட்டு, அது முடியும்போது தீபாராதனை என்று ஏற்பாடு. ஆம்பின் சின்னத் திரையில் மொத்த நேரம் 37:30 என்று காட்டியது. அண்ணன் அதைப் பார்த்து பூசாரியிடம் நேரம் சொல்லிவிட்டார். கதை முப்பதாவது நிமிடத்தில் முடிந்து, பெட்டி அடுத்த ஃபைலுக்குத் தாவி, குழாயில் ஒரு கல்யாண நாதஸ்வரம் கிளம்பிவிட்டது. பூசாரி அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டு விட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பென் டிரைவோடும் ஆம்போடும் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, பாட்டு செரியாத்தானுங்க பாடுது. மணி மட்டும் பொய் சொல்லுது. பெட்டி கெட்டுப்போச்சுங்களா, இல்ல பாட்டே கெட்டதுங்களா?"

கேள்வியைச் சரியாகத்தான் பிரித்திருந்தார். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது.

பெட்டியா, ஃபைலா

பென் டிரைவில் இரண்டு வகை ஃபைல் இருந்தன. ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பவை ஒரு வகை. ஒரு பக்கத்தைக் கதைப் பகுதி வாரியாகத் துண்டு போட்டவை இன்னொரு வகை. எல்லாமே எம்பி3. எல்லாமே விபிஆர், அதாவது மாறும் பிட்ரேட்டில் கன்வெர்ட் செய்தவை. பிட்ரேட் என்பது ஒரு செகண்ட் சத்தத்துக்கு எத்தனை பிட் செலவாகிறது என்ற கணக்கு.

முழுப் பக்க ஃபைலை என் செல்போனில் போட்டேன்: 30 நிமிடம், சரியான கணக்கு. அதே ஃபைல் ஆம்பில் 37:30. ஆக, இந்த வகையில் குற்றம் பெட்டியின் பக்கம். அடுத்து, துண்டு போட்ட ஃபைல்களைச் செல்போனில் ஓட்டினேன். முதல் துண்டு ஆறு நிமிடம்தான் ஓடியது. திரையில் 30 நிமிடம். ஆக, துண்டுகளில் ஃபைலிலேயே பிசகு. இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அண்ணன் ஏற்கனவே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆம்பின் பிளேயர் போர்டை மாற்றியும் பார்த்திருந்தார். புது போர்டும் அதே 37:30-ஐக் காட்டியதில்தான் அவருக்குப் பாட்டின் மேலேயே சந்தேகம் வந்திருக்கிறது.

எம்பி3 என்பது 1993-ல் வெளியான ஒரு தரநிர்ணயத்தின் பகுதி. எம்பெக்-1 ஆடியோ லேயர் 3 என்பது அதன் முழுப்பெயர். அந்த ஃபைல் ஒரே நீளமான சரக்கு இல்லை. ஃபிரேம் ஃபிரேமாகக் கோத்தது. சிடி தரத்தில் ஒரு செகண்ட் சத்தத்தை 44,100 சாம்பிளாக, அதாவது அளவெடுப்பாக வைப்பார்கள். அதில் ஒரு ஃபிரேம் என்பது 1,152 சாம்பிள். நேரத்தில் 26 மில்லி செகண்ட் சொச்சம். ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் நாலு பைட் குறிப்பு இருக்கும். "இந்த ஃபிரேம் இத்தனை பிட்ரேட்" என்பது அதில்தான் எழுதியிருக்கிறது. 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து (செகண்டுக்கு இத்தனை கிலோபிட்) 320 வரை பதினான்கு படிகள். ஒவ்வொரு ஃபிரேமும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எல்லா ஃபிரேமும் ஒரே படியில் நின்றால் சிபிஆர். பாட்டின் கடினத்துக்கு ஏற்பப் படி மாறிக்கொண்டே போனால் விபிஆர்.

இந்தத் தரநிர்ணயத்திலேயே லேயர் 3-க்கு மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பிட்ரேட் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. ஆகவே எம்பி3 பாடும் எந்தப் பெட்டியும் விபிஆரைப் பாடியே ஆக வேண்டும், பாடும். பாட்டு பொதுவாகத் தவறாது. ஆனால் ஃபைலின் மொத்த நேரம் எவ்வளவு என்று எழுதி வைக்க அந்தத் தரநிர்ணயத்தில் இடமே இல்லை. மணி தப்பாகும் கதை முழுக்க இந்த ஓட்டையிலிருந்து வருவதுதான்.

சிபிஆரில் அந்த ஓட்டை தெரியாது. 128 கேபிபிஎஸ் என்றால் செகண்டுக்கு 16 கிலோபைட். ஃபைல் அளவை 16-ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும். நடுவில் பத்தாவது நிமிடத்துக்குத் தாவ வேண்டுமென்றாலும் கணக்குப் போட்டு அந்த பைட்டுக்கு நேராகப் போய்விடலாம். விபிஆரில் இந்த வகுத்தல் செல்லாது. உண்மையான நேரம் வேண்டுமென்றால் எல்லா ஃபிரேமையும் எண்ண வேண்டும். அரை மணி நேரக் கதைக்கு 68,906 ஃபிரேம். விலை குறைந்த பிளேயர் போர்டு பென் டிரைவை முழுக்கப் படித்து அதை எண்ணிக்கொண்டிருக்காது. முதல் ஃபிரேமைப் பார்க்கும், அதில் உள்ள பிட்ரேட்டே எல்லாவற்றுக்கும் என்று எடுத்துக்கொள்ளும், வகுத்துவிடும்.

அண்ணனின் ஃபைலை இந்தக் கண்ணோடு பார்த்தால் 37:30 எங்கிருந்து வந்தது என்பது அப்படியே விளங்குகிறது. சராசரி பிட்ரேட் 160. அரை மணிக்கு 36 எம்பி. முதல் ஃபிரேமின் தலையில் எழுதியிருந்தது 128. முப்பத்தாறாயிரம் கிலோபைட்டை 16-ஆல் வகுத்தால் 2,250 செகண்ட். அது முப்பத்தேழரை நிமிடம். பெட்டி கெடவில்லை. கூட்டல் கழித்தலில்கூடத் தப்பு செய்யவில்லை. தப்பான எண்ணைக் கொடுத்தார்கள், அது சரியாக வகுத்திருக்கிறது.

செல்போனில் மட்டும் சரியான நேரம் வந்ததற்குக் காரணம் ஸிங் ஹெட்டர். தரநிர்ணயத்தில் இல்லாததை ஸிங் என்ற நிறுவனம் தன் என்கோடரில், அதாவது எம்பி3 ஆக்கும் மென்பொருளில், ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. முதல் ஃபிரேமில் பாட்டுக்குப் பதில் "மொத்தம் இத்தனை ஃபிரேம், இத்தனை பைட்" என்று எழுதிவிடுவார்கள். கூடவே நூறு கட்டம் உள்ள ஒரு அட்டவணை. பாட்டின் ஒவ்வொரு ஒரு சதவீதமும் ஃபைலில் எந்த இடத்தில் விழுகிறது என்பதற்கு. இன்று எல்லோரும் பயன்படுத்தும் லேம் என்கோடரும் இதையே எழுதுகிறது. படிக்கத் தெரிந்த பிளேயர் படிக்கும். தெரியாதது அதையும் ஒரு சாதாரண ஃபிரேம் என்று எடுத்துக்கொள்ளும். அண்ணனின் போர்டு இரண்டாவது ரகம்.

படிக்கத் தெரிந்தாலும் அந்த அட்டவணை கொஞ்சம் முரடுதான். அரை மணிக் கதையை நூறு கட்டமாக்கினால் கட்டத்துக்கு 18 செகண்ட். ஒரு நாலு நிமிட சினிமாப் பாட்டில் இது யாருக்கும் உறைக்காது. அண்ணமாரின் தங்கை தங்காள் புலம்பல் எங்கே தொடங்குகிறது என்று தேடி ஓட்டும் மைக் செட்காரருக்கு உறைக்கும்.

துண்டு ஃபைல்களின் பிசகு வேறு. கன்வெர்ட் செய்த கடையில் முழுப் பக்கத்தையும் முதலில் எம்பி3 ஆக்கிவிட்டு, அப்புறம் அந்த எம்பி3-ஐயே மறுபடி என்கோட் செய்யாமல் ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியிருக்கிறார்கள். தரம் குறையாமல் வெட்டும் முறைதான், அதில் குற்றமில்லை. ஆனால் வெட்டிய கருவி ஹெட்டரைத் திருத்தி எழுதவில்லை. முழுப் பக்கத்தின் ஹெட்டர் முதல் துண்டின் தலையில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதனால்தான் ஆறு நிமிடத் துண்டு தன்னை 30 நிமிடம் என்று சொல்லிக்கொண்டது. மற்ற துண்டுகளுக்கு ஹெட்டரே இல்லை. ஒரு துண்டு, பாடகர் மூச்சு வாங்கும் அமைதியான இடத்தில் தொடங்கியது. முதல் ஃபிரேம் 64. ஆறு நிமிடம் ஆம்பில் பதினைந்து நிமிடமாகிவிட்டது.

துண்டுகளில் இன்னொரு தழும்பும் இருந்தது. சிலது தொடங்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம். எம்பி3-யில் ஒரு ஃபிரேமுக்கான சரக்கில் ஒரு பங்கு முந்தைய ஃபிரேமில் மிச்சமான இடத்தில் இருக்கலாம். 511 பைட் வரை பின்னால் எட்டிப்பார்க்க அனுமதி உண்டு. வெட்டும்போது முந்தைய ஃபிரேம் போய்விட்டால் புதுத் துண்டின் முதல் ஃபிரேம் ஊனமாகிவிடும். இது சிபிஆரிலும் நடக்கும். விபிஆரின் தலையில் இதையும் ஏற்றிவிடக் கூடாது.

தண்ணி முறை

இவ்வளவையும் அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் பணம் அவருடையது, முடிவும் அவருடையது. நான் ஃபிரேம், பிட் என்று இழுத்துக்கொண்டிருந்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மூலத்தராவிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணியில் தென்னை வைத்திருப்பவர்.

"அப்ப சிபிஆருங்கறது முறைத் தண்ணிங்க. தென்னைக்கும் அதே நேரம், கடலைக்கும் அதே நேரம். விபிஆருங்கறது காடு கேக்கற அளவுக்கு உட்றது."

அதேதான். சிபிஆரில் மிச்சமாகும் தண்ணியைத் தேக்கி வைக்க ஒரு சின்னக் குட்டையும் உண்டு, மேலே சொன்ன 511 பைட் அதுதான். 192 சிபிஆரில் ஒரு ஃபிரேம் 627 பைட். ஆகக் குட்டையில் கிட்டத்தட்ட இன்னொரு முக்கால் ஃபிரேமுக்குமேல் தேக்கலாம். சிபிஆர் என்றால் கண்மூடித்தனமான சமபங்கு என்று நினைப்பவர்கள் இந்தக் குட்டையை மறந்துவிடுகிறார்கள்.

"அப்படீன்னா காடு கேக்கற அளவுதானுங்களே நல்லது?"

சத்தத் தரம் மட்டும் பேசினால், ஆமாம். ஒரே ஃபைல் அளவுக்குள் விபிஆர்தான் பொதுவாகக் கெட்டிக்காரத்தனம். உடுக்கைக் கதையில் அது நன்றாகத் தெரியும். கதைகாரர் வசனமாகச் சொல்லிக்கொண்டு போகும் இடங்கள் என்கோடருக்கு எளிது. பாட்டெடுத்து, பின்பாட்டுக்காரர் சேர்ந்து, உடுக்கை உச்சத்துக்குப் போகும் இடம் கடினம். உடுக்கை அடி ஊசி மாதிரி திடீரென்று எழும். எம்பி3 சத்தத்தை 576 சாம்பிள் கொண்ட கட்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. சுருக்கியதில் வரும் கரகரப்பு கட்டு முழுக்கப் பரவும். கட்டின் கடைசியில் அடி விழுந்தால், கரகரப்பு அடிக்கு முன்னாலேயே லேசாக "ச்" என்று கேட்கும். இதற்கு முன்னெதிரொலி என்று பெயர். என்கோடர் இதைத் தவிர்க்க 192 சாம்பிள் கொண்ட குட்டிக் கட்டுகளுக்கு மாறும். அதற்கு பிட் அதிகம் வேண்டும். விபிஆர் அந்த நொடியில் 256, 320 என்று தாவி எடுத்துக்கொள்ளும். 128 ஸ்டீரியோ சிபிஆரில் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஹெட்போனில் உடுக்கை மழுங்குவது கேட்டது. 192-க்கு ஏற்றியபின், எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கும் ஏபிஎக்ஸ் சோதனையில் எனக்கு விபிஆருக்கும் சிபிஆருக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. அண்ணனுக்கும் பிடிபடவில்லை. அவர் காது என் காதைவிடப் பழகினது.

இந்தச் சத்தம் கடைசியில் போய்ச் சேருவது தென்னை மரத்தில் கட்டிய குழாயில். குழாயில் கீழ் ஸ்தாயியும் வராது, உச்ச ஸ்தாயியும் வராது. அங்கே போய் 192-க்கும் 245-க்கும் சண்டை பிடிப்பது வீண்.

இடம் மிச்சம் என்ற வாதமும் இன்று பலமில்லை. 128 எம்பி கொள்ளும் பிளேயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், 128 கேபிபிஎஸ்ஸில் அதில் இரண்டே கால் மணி நேரம்கூட முழுதாக நிற்காது. அப்போது ஒவ்வொரு எம்பியும் காசு. விபிஆர் வரம் மாதிரி வந்தது. இப்போது கடைக்காரர் சும்மா எடுத்துத் தரும் பென் டிரைவே 32 ஜிபி. 320 சிபிஆரில் அரை மணிப் பக்கம் 72 எம்பி. அதில் நானூற்று நாற்பது பக்கம் போகும். அண்ணனின் டிரங்குப் பெட்டியில் அவ்வளவு கேசட் இல்லை.

ஹிஸ் தின்ற பிட்

மறுபடி கன்வெர்ட் செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்கே சுவாரசியமான ஒன்று கிடைத்தது. கேசட் எவ்வளவு மோசமோ, விபிஆர் அவ்வளவு பெரிய ஃபைலைத் தந்தது. நல்ல டேப்பில் தெளிவாகப் பிடித்த கதைக்குச் சராசரி கீழே. பூஞ்சை பிடித்து "ஸ்ஸ்ஸ்" என்று இரையும் பழைய டேப்புக்குச் சராசரி மேலே. பார்த்தால் தலைகீழாகத் தெரியும். ஆனால் என்கோடருக்குப் பாட்டு எது, ஹிஸ் எது என்று தெரியாது. ஹிஸ் என்பது ஒழுங்கே இல்லாத சத்தம். சுருக்குவதற்கு அதில் பிடிமானம் இல்லை. விபிஆர் அதையும் விசுவாசமாகக் காப்பாற்றப் பார்த்து பிட்டைக் கொட்டுகிறது.

16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இது இன்னும் மோசம். எம்பி3 வடிவமைப்பில் அலைவரிசைப் பட்டைகளுக்குத் தனித்தனி அளவுக்கோல் உண்டு. கடைசிப் பட்டைக்கு மட்டும் கிடையாது. அங்கே கரகரப்பைக் குறைக்க வேண்டுமென்றால் எல்லாப் பட்டைக்கும் சேர்த்துத்தான் பிட்டை ஏற்ற முடியும். அண்ணனின் கேசட்டில் அந்த உயரத்தில் மனிதக் குரலும் இல்லை, உடுக்கையும் இல்லை. வெறும் ஹிஸ். என்கோட் செய்வதற்கு முன்னால் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டதும் விபிஆரின் சராசரி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. கேட்பதில் மாற்றம் எதுவும் இல்லை.

அடுத்தது ஸ்டீரியோ. மிக்ஸரிலிருந்து ஒரே சத்தம்தான் டெக்கின் இரண்டு பக்கத்துக்கும் போயிருக்கிறது, ஆகவே இது மோனோ. எம்பி3-யின் ஜாயிண்ட் ஸ்டீரியோ முறை இடம் வலம் இரண்டுக்கும் பொதுவானதை ஒரு பங்காகவும் வித்தியாசத்தை இன்னொரு பங்காகவும் வைக்கும். உண்மையான மோனோ என்றால் வித்தியாசம் சைபர், பிட் செலவே இல்லை. ஆனால் டேப்பில் அப்படி வராது. பதிவு செய்த டெக்கின் ஹெட் ஒரு சாய்வு, பாடவைக்கும் டெக்கின் ஹெட் வேறு சாய்வு. இடமும் வலமும் ஒரு இம்மி நேரம் தள்ளித் தள்ளி விழும். அந்த வித்தியாசத்துக்கும் விபிஆர் பிட் கொடுக்கும்.

இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினால் தீரும் என்று சிலர் செய்வார்கள். செய்யக் கூடாது. நேரம் பிசகிய இரண்டு சத்தத்தைக் கூட்டினால் உச்ச ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். முதலில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டின் பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி, உடுக்கையின் "டக்" கூராகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். அதற்குப் பிறகும் இரண்டில் தெளிவான பக்கத்தை மட்டும் எடுத்து மோனோ ஆக்குவது நல்லது. விபிஆரா சிபிஆரா என்று மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் இந்தத் திருகுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் அதைவிடப் பத்து மடங்கு பலன் கிடைக்கும். என் அபிப்பிராயம்தான், ஆனால் கெட்டியான அபிப்பிராயம்.

இருக்கிற கேசட், இல்லாத கேசட்

கேசட் கையில் இருப்பவற்றுக்கு வழி எளிது. டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்ததை முதலில் ஃப்ளாக் ஆக்கி வைத்தோம். அது ஒரு பிட்டும் தொலையாத சுருக்கம். மூலம் அதுதான், யாருக்கும் எம்பி3-யில் எது வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துக்கொடுக்கலாம். மூலம் எம்பி3-யாக இருந்தால் இந்த வசதி இல்லை. எம்பி3-யிலிருந்து எம்பி3 எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரையும்.

ஆம்புக்கான பிரதி: மோனோ, 128 சிபிஆர். ஒற்றைச் சேனலுக்கு 128 என்பது ஸ்டீரியோவில் 256-க்குச் சமமான தாராளம், உடுக்கைக்குப் போதும். அரை மணிப் பக்கம் 28.8 எம்பி. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் எம்பி3 ஏற்றுமதி செய்யும்போது பிட்ரேட் முறை என்ற இடத்தில் கான்ஸ்டன்ட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே பிரீசெட் என்று விட்டால், 320 தரும் இன்சேன் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விபிஆர்தான். தெரியாமல் விபிஆர் ஆக்குபவர்களில் பாதிப்பேர் இந்த வழியாக வந்தவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆவரேஜ் என்று ஒன்றும் இருக்கும். சராசரியைக் கட்டிவைத்து ஃபிரேமை மாற்றும் நடுவழி அது. ஃபைல் அளவு முன்கூட்டித் தெரியும் என்பதைத் தவிர, இந்த ஆம்பில் அதுவும் மணியைக் கெடுக்கும்.

கதைப் பகுதியாகத் துண்டு போடுவதையும் ஃப்ளாக்கிலேயே செய்துவிட்டு, அப்புறம்தான் எம்பி3 ஆக்கினோம். அதனால் டிக் சத்தமும் இல்லை, ஒட்டிக்கொண்டு வரும் ஹெட்டரும் இல்லை.

டேப் அறுந்தும் காணாமலும் போன கேசட்டுகள்தான் சிக்கல். அவற்றுக்கு அந்தக் கடை கொடுத்த விபிஆர் எம்பி3 மட்டுமே மிச்சம். கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பிளேயரில் விபிஆர் ஹெட்டரைச் சரிசெய்யும் வசதி உண்டு. செய்தேன். செல்போனில் நேரம் சரியாகிவிட்டது. ஆம்ப்தான் ஹெட்டரைப் பார்ப்பதே இல்லையே, அது தன் பிடியிலேயே நின்றது. சிபிஆராக மறுபடி என்கோட் செய்தால் மணி சரியாகும், ஆனால் ஏற்கனவே சுருங்கிய சத்தம் இன்னொரு முறை சுருங்கும். வேறு பிரதியே இல்லாத ஒருவருடைய குரலுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை.

இதற்கு எம்பி3பேக்கர் என்ற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அது சத்தத்தைத் தொடாது. ஃபிரேமுக்குள் இருக்கும் சரக்கை அப்படியே எடுத்து, குறைந்தபட்ச பிட்ரேட் 320 என்று சொல்லிவிட்டால், எல்லா ஃபிரேமையும் 320 அளவுப் பெட்டியில் போட்டு மிச்ச இடத்தை வெற்றுப் பைட்டால் அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாக சிபிஆர். உள்ளே பழைய விபிஆரின் சத்தம் ஒரு இம்மி மாறாமல் இருக்கும். 36 எம்பி ஃபைல் 72 எம்பி ஆகிவிட்டது. ஆம்பில் சொருகினோம்: 30:00.

அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "320-ன்னு காட்டுதுங்களே தம்பி, இப்ப தரம் கூடிருச்சுங்களா?"

கூடவில்லை. பாதிக்குப் பாதி வெறும் அடைப்பு. "320 கேபிபிஎஸ் ஒரிஜினல்" என்று எழுதிப் பாட்டு ஏற்றித் தருகிறார்களே, அந்த எண் ஃபைலின் அகலத்தைத்தான் சொல்கிறது, உள்ளே எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. ஃபைல் பெயரில் "அடைப்பு" என்று ஒரு குறி சேர்த்து வைத்தேன். நாளைக்கு யாராவது இதை உயர்தர மூலம் என்று நினைத்து விபிஆர் பிரதியை அழித்துவிடக் கூடாது.

பெயர் என்றதும் ஒன்று. அந்த ஆம்பின் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண். அது மட்டும் போதாது. இந்த மாதிரிப் பெட்டிகள் எண் வரிசையைப் பார்ப்பதில்லை, பென் டிரைவில் எந்த ஃபைலை முதலில் ஏற்றினோமோ அந்த வரிசையில்தான் பாடும். காலி பென் டிரைவில் ஒவ்வொன்றாக வரிசை பிடித்து ஏற்ற வேண்டும். கதை முடிந்ததும் கல்யாண நாதஸ்வரம் கிளம்பியதற்கு இதுதான் காரணம், விபிஆருக்கு அதில் பங்கில்லை. ஒவ்வொரு பகுதிக்குப் பின்னாலும் ஐந்து நிமிட அமைதி ஃபைல் ஒன்றைச் சேர்த்துவிட்டோம். இரவு பத்து மணிக்குக் குழாயை நிறுத்த வேண்டும் என்ற விதி இருக்கும் ஊரில், கடைசிப் பாட்டு எப்போது முடியும் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை.

பஞ்சவாத்தியம்

அண்ணனின் மகன் கையடக்க ரெக்கார்டரில் வேவ் ஃபைலாகப் பிடித்த பஞ்சவாத்தியப் பதிவுகளும் பெட்டியில் இருந்தன. இதற்கு ஒரே விடை இல்லை. திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு ஐந்தும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது இலத்தாளத்தின் சிலீர் ஒலி எந்த எம்பி3-ஐயும் வியர்க்க வைக்கும். இது உண்மையான ஸ்டீரியோ, உச்ச ஸ்தாயியிலும் நிஜமான சரக்கு இருக்கிறது, ஹிஸ் இல்லை. இங்கேதான் விபிஆர் தன் வேலையைக் காட்டுகிறது: மெதுவான தொடக்க காலத்தில் குறைவாக எடுத்து, கடைசிக் காலத்தில் அள்ளிக்கொள்கிறது. செல்போனில் கேட்கும் மகனுக்கு லேமின் வி0 விபிஆர், சராசரி 245 சுமாருக்கு வரும் ரகம். அவன் போன் ஸிங் ஹெட்டரைப் படிக்கும், மணி தப்பாது. அதே பதிவின் ஆம்ப் பிரதி 320 சிபிஆர். ஃப்ளாக் மூலம் ஒரு ஹார்டு டிஸ்கிலும், இன்னொன்று பொள்ளாச்சியில் இருக்கும் மச்சினர் வீட்டிலும்.

திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கும் கதைகாரரின் பேரன்மார் தாத்தா குரலைக் கேட்டார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பியது மோனோ விபிஆர், வி4. சின்ன ஃபைல், செல்போன், ஹெட்டர் ஒழுங்கு. சிபிஆர் வேண்டிய காரணம் அங்கே ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது சில கேசட். டேப்பை ஹெட்டோடு அமுக்கிப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோனவை. டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றித்தான் எடுக்க வேண்டும், அதற்குத் திருகு போட்ட காலிக் கூடு தேடிக்கொண்டிருக்கிறோம். ஒட்டிய கூடு உதவாது.